பென்ஷனில் அவளுக்குப் பங்கு உண்டா?

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர் பென்ஷனுக்காகக் கொடுக்க வேண்டிய காகிதங்கள் ஒரு கட்டு இருக்கும். அந்தக் கட்டில் ஒரு போட்டோவும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஜோடிப் போட்டோ. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்ற படத்துக்குப் பிறகு, தம்பதி இருவர் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போய் அருகருகே உட்காருவது பல வீடுகளில் அநேகமாக அந்த ஒரு நாளில்தான். "கொஞ்சம் சிரியுங்கள், மாமி!" என்று போட்டோகிராபர் கெஞ்சுவார். மாமி சிரிப்பதற்குள் விளக்கு மின்னி அணைந்துவிடும்.

வேடிக்கை இருக்கட்டும். 'இவருக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் வாங்க வேண்டிய அம்மாள் இவர்தான்' என்பதற்கு அந்தப் படமே அடையாளம். ஆனால், அந்தப் படத்தை எடுக்க வேண்டிய சமயத்தில் இருவரும் குடும்பக் கோர்ட்டு வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால்? புருஷன் பென்ஷனில் அவளுக்கு என்ன பாத்தியதை?

'இதெல்லாம் நம் வீட்டில் பேசுகிற பேச்சா?' என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கலாம். சென்னை ராஜ்யத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949-லேயே வந்துவிட்டது. தேசம் முழுவதற்குமான இந்து விவாகச் சட்டம் 1955-ல் வந்தது. சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும், அதில் பணம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் நம்மில் பலர் திருப்பிப் பார்ப்பதில்லை. தேவைப்படுகிறபோது பார்க்க அவகாசமும் இருப்பதில்லை.

ஆகையால் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம். குடும்பம் கற்பனை, கணக்கும் சட்டமும் நிஜம்.

சித்தப்பாவும் பென்சிலும்

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். பிறகு புருஷனுக்கு ஊர் ஊராக மாற்றல்; வேலையை விட்டுவிட்டாள். அவர் மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். 2025-ம் ஆண்டுக் கடைசியில் ரிடயராகிறார். அதில் இருபத்தெட்டு வருஷம் இவள் சமைத்துப் போட்ட வருஷங்கள். ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது, மேல் படிப்புப் படிக்கிறான். காரணம் எதுவாயினும் இருக்கட்டும், இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துக்கு மனுவும் எழுதியாகிவிட்டது.

அந்த மனுவை எடுத்துக்கொண்டு அவள் தன் சித்தப்பாவிடம் வந்தாள். சித்தப்பா கணக்காயர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் பென்சிலால் ஓரத்தில் கூட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"மாதம் பத்தாயிரம் ரூபாய் ஜீவனாம்சம். இனி எந்தக் காலத்திலும் எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன் என்று எழுதியிருக்கிறது, சித்தப்பா. திங்கட்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்."

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் பத்தாயிரம் எப்படி வந்தது, அம்மா?"

"எப்படி என்றால்? அவர் சொன்னார், நான் சரி என்றேன்."

"காய்கறிக்காரனிடம்கூட நீ அப்படிச் சரி என்று சொன்னதில்லையே!" என்றார் சித்தப்பா.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுவோம். நம் தேசத்தில் விவாகரத்து ஆனால் பென்ஷனை இரண்டாகப் பங்கு போட்டுத் தரும் சட்டம் கிடையாது. இங்கிலாந்தில் உண்டு. 2000-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி முதல் அங்கே கோர்ட்டே பென்ஷனைப் பிளந்து, ஒரு பகுதியை மனைவியின் பேரில் தனிப் பென்ஷனாக்கலாம். அமெரிக்காவில் 1984-ல் செய்த சட்டத்துக்குப் பிறகு, உரிய கோர்ட் உத்தரவைக் காட்டினால் கம்பெனியின் பென்ஷன் நிதியே மாஜி மனைவிக்கு நேராகப் பணம் அனுப்புகிறது. அந்தப் பங்குக்கு உண்டான வரியையும் அவளே கட்டிக்கொள்கிறாள். இங்கே அப்படியில்லை. பென்ஷன் ஆபீஸில் போய், "என் பாதியைக் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்கமாட்டார்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கசப்பு. விவாகரத்துத் தீர்ப்பு ஆன தினத்திலிருந்து அவள் அவருடைய 'குடும்பம்' என்ற சொல்லிலிருந்தே வெளியே போய்விடுகிறாள். அவர் காலமான பின் குடும்பப் பென்ஷன் அவளுக்குக் கிடையாது. அவர் மறுமணம் செய்துகொண்டிருந்தால் அந்த மனைவிக்குப் போகும்.

ஆனால் பிள்ளையின் உரிமை போவதில்லை. இது பலருக்குத் தெரியாது. மத்திய சர்க்கார் விதிப்படி, விவாகரத்தான மனைவியின் குழந்தை தகுதியுள்ள வயதில் இருந்தால், தாயார் விவாகரத்து ஆகாமலிருந்தால் என்ன பங்கு பெற்றிருப்பாளோ அந்தப் பங்கு குழந்தைக்கு உண்டு. இருபத்தைந்து வயது வரையில், அல்லது கல்யாணமோ சொந்தச் சம்பாத்தியமோ ஆகும் வரையில், எது முந்தியோ அதுவரை.

இன்னொரு வழியும் உண்டு. விவாகரத்து வேண்டாம், பிரிந்திருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கோர்ட்டில் 'நீதிமன்றப் பிரிவு' கேட்கலாம். அதில் விவாக பந்தம் அறுபடுவதில்லை. சோரம் என்ற காரணத்தின் பேரில் பிரிவு உத்தரவு ஆகாதவரையில், மனைவி என்ற ஸ்தானமும் குடும்பப் பென்ஷனும் நிற்கும். மறுமணம் மட்டும் இருவருக்கும் முடியாது.

"அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லையா, சித்தப்பா?"

"யார் சொன்னது? பென்ஷனைப் பங்கு போடத்தான் சட்டம் இல்லை. பென்ஷனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை."

இந்த வாக்கியத்தைச் சகோதரிகள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இந்து விவாகச் சட்டத்தின் 25-வது பிரிவு, புருஷனுடைய வருமானத்தையும் சொத்தையும் பார்த்து ஜீவனாம்சம் நிர்ணயிக்கச் சொல்கிறது. மொத்தமாகவும் தரலாம், மாதா மாதமும் தரலாம். பென்ஷனும் வருமானம்தான். 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்துவிட்டது. 'எனக்கு என்ன வரும்படி என்று அவளுக்கு எதற்கு?' என்கிற காலம் போய்விட்டது. விசேஷ விவாகச் சட்டம், கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டம் ஆகியவற்றிலும் ஜீவனாம்சத்துக்கு இதே மாதிரி பிரிவுகள் உண்டு. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1986-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

1982 டிசம்பர் 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பைப் பென்ஷன்காரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். பென்ஷன் என்பது சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல, செய்த சேவைக்குக் கிடைக்கும் உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. நல்லது. அந்தச் சேவை நடந்த வருஷங்களில் காலை எட்டு மணிக்கு டிபன் காரியரை நிரப்பிக் கொடுத்தது யார்? மாற்றல் வந்தபோதெல்லாம் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டியது யார்? அதற்காகத் தன் வேலையை விட்டது யார்? நியாயம் என்று பார்த்தால் பேச்சு இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

சித்தப்பா பென்சிலைக் கூராக்கிக்கொண்டார்.

அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய். பழைய பென்ஷன் திட்டப்படி அதில் பாதி, அதாவது 40,000 ரூபாய் பென்ஷன். அதன் மேல் பஞ்சப்படி. 2025 ஜூலை முதல் பஞ்சப்படி 58 சதவீதம், 23,200 ரூபாய். ஆக மாதம் 63,200.

"இதில் உன் பங்கு எது என்பதற்கு அமெரிக்காவில் பல கோர்ட்டுகள் ஒரு கணக்குப் போடுகின்றன. நமக்கு அது சட்டம் ஆகாது. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் முப்பத்தைந்து வருஷம். விவாக வாழ்க்கை அதில் இருபத்தெட்டு. ஐந்தில் நாலு பங்கு. அந்த நாலு பங்குதான் இருவரும் சேர்ந்து சம்பாதித்தது. மிச்சம் ஒரு பங்கு உன்னைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சம்பாதித்தது; அதில் கை வைக்க உனக்கு நியாயம் கிடையாது. சேர்ந்து சம்பாதித்ததில் சரி பாதி என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது."

63,200-ல் நாற்பது சதவீதம் 25,280 ரூபாய். மனுவில் இருந்ததோ பத்தாயிரம்!

"இவ்வளவு கேட்டால் அவர் கொடுப்பாரா?"

"கேட்பது உன் கையில். கொடுக்கச் சொல்வது ஜட்ஜ் கையில். 2017-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், பிடித்தம் போகப் புருஷன் கைக்கு வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு நியாயமாயிருக்கும் என்று சொல்லியிருக்கிறது. அது எல்லா வழக்குக்கும் பொது விதி அல்ல. உன் வயது, உன் வரும்படி, அவருடைய பொறுப்புகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நாலில் ஒன்று என்று வைத்தாலும் 15,800 ரூபாய் ஆயிற்றே! பத்தாயிரம் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை."

இன்னொரு சங்கதியையும் அவர் காட்டினார். பஞ்சப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை திருத்தப்படுகிறது. பென்ஷன் ஏறிக்கொண்டே போகும். மனுவில் எழுதிய பத்தாயிரம் மட்டும் பத்தாயிரமாகவே நிற்கும். அரிசி விலை அவளுக்காக நிற்குமா? 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாய் ஜீவனாம்சம் கொடுத்ததோடு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஐந்து சதவீதம் உயர்த்த வேண்டும் என்றும் உத்தரவாகியிருக்கிறது. அம்மாதிரி ஒரு வரி மனுவில் இருந்தே தீரவேண்டும்.

வரி என்னும் மூன்றாவது பங்காளி

இரண்டு பேர் பங்கு பிரிக்கிற இடத்தில் சந்தடியில்லாமல் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்காருவார். அவர்தான் வருமான வரி.

பென்ஷனைச் சம்பளம் போலவே பாவித்து, வாங்குகிறவர் பேரில் வரி போடுகிறார்கள். அதிலிருந்து மனைவிக்கு ஜீவனாம்சம் கொடுத்தால் அந்தத் தொகையைக் கழிக்க முடியுமா? முடியாது. பம்பாய்க்காரர் ஒருவர் கோர்ட் உத்தரவுப்படி மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்த பணத்துக்கு வரி விலக்குக் கேட்டு, கடைசி வரை வழக்காடினார். 1960-ம் ஆண்டுக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் இல்லை என்று சொல்லிவிட்டது. பணம் முதலில் உம்முடைய வருமானமாக வந்தது. பிறகுதான் நீர் அதைச் செலவழித்தீர். ஆகவே முழுவதுக்கும் வரி கட்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வாங்கிக்கொள்கிற மனைவிக்கு? பிரதாப்கர் ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாளின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. ஒரே தடவையாக வாங்கிய மொத்தத் தொகை மூலதனம். அதற்கு வரி இல்லை. மாதா மாதம் வாங்குவது வருமானம். அதற்கு வரி உண்டு. இந்த வித்தியாசத்தைத்தான் இன்றளவும் வழக்கமாகப் பின்பற்றுகிறார்கள்.

ஆக, மாதா மாதம் கொடுக்கிற பணத்துக்கு அவரும் வரி கட்ட நேரலாம்; அதே பணத்துக்கு அவளும் கட்ட நேரலாம். மொத்தமாகக் கொடுத்தால் அவள் பக்கம் வரி இல்லை.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய் வரையில் தள்ளுபடி போக வரி இல்லை. நம் கதையில் வரும் புருஷனுக்கு வருஷத்துக்கு 7,58,400 ரூபாய் பென்ஷன். அவருக்கும் வரி இல்லை, அவளுக்கும் இல்லை. ஆனால் மனைவி வேலை பார்ப்பவளாக இருந்தால் கதை மாறும். வருஷம் 12,75,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண் ஒருத்தி. நிலைக் கழிவு 75,000 போக மிச்சம் சரியாகப் பன்னிரண்டு லட்சம், வரி இல்லை. அவளுக்கு மாதம் 20,000 ரூபாய் ஜீவனாம்சமும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் 14,40,000 ஆகிவிடும். அந்த வருஷக் கணக்குப்படி அவள் கட்ட வேண்டிய வரி 99,840 ரூபாய்! வாங்கியது 2,40,000, அதில் ஏறக்குறைய ஒரு லட்சம் வந்த வழியே போய்விடுகிறது. அவள் மொத்தத் தொகையாகக் கேட்பதே புத்திசாலித்தனம்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. விவாக பந்தம் இருக்கும்போதே புருஷன் மனைவி பேரில் பணத்தையோ சொத்தையோ சும்மா மாற்றினால், அதிலிருந்து வரும் வட்டியும் வாடகையும் அவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். பிரிந்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தின் பேரில் மாற்றினால் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகையால் எதையும் வாய்ப் பேச்சில் விடாமல் எழுத்தில் வைக்க வேண்டும்.

மொத்தமா, மாதமா?

"அப்படியானால் மொத்தமாகவே வாங்கிவிடட்டுமா, சித்தப்பா?"

"அவசரப்படாதே. மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்."

சர்க்கார் ஊழியர் தம் அடிப்படைப் பென்ஷனில் நாற்பது சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். 'கம்யூடேஷன்' என்று ஆபீஸில் சொல்வார்களே, அதுதான். ரிடயராகி ஒரு வருஷத்துக்குள் கேட்டால் டாக்டர் பரீட்சைகூடக் கிடையாது. அறுபதாவது வயதில் ரிடயராகிறவருக்குப் பெருக்கு எண் 8.194. நாற்பதாயிரத்தில் நாற்பது சதவீதம் 16,000. அதைப் பன்னிரண்டாலும் 8.194-ஆலும் பெருக்கினால் 15,73,248 ரூபாய். சர்க்கார் ஊழியருக்கு இந்தப் பணத்துக்கு வரி கிடையாது. அதை அப்படியே கோர்ட் உத்தரவுப்படி மனைவிக்கு மொத்த ஜீவனாம்சமாகக் கொடுத்தால் அவளுக்கும் வரி கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்தே முக்கால் லட்சத்தைக் கண்டு மயங்கலாமா? பாங்கியில் ஏழு சதவீதம் வட்டி கிடைப்பதாக வைத்தால் மாதம் சுமார் 9,177 ரூபாய்தான் வரும். மாதம் 16,000 வீதம் எடுத்துச் செலவழித்தால் சுமார் பன்னிரண்டு வருஷத்தில் அசலும் தீர்ந்துவிடும். அப்போது அவளுக்கு வயது அறுபத்தைந்து. அவருக்கோ, பதினைந்து வருஷம் கழிந்ததும் விட்டுக்கொடுத்த பென்ஷன் திரும்பவும் வந்துவிடும்!

மாதப் பணத்துக்கும் குறை உண்டு. அவர் காலமானால் பென்ஷன் நிற்கும். அதை நம்பியிருந்த ஜீவனாம்சம் அந்தரத்தில் தொங்கும். அவள் மறுமணம் செய்துகொண்டால் கோர்ட் உத்தரவை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அவர் கொடுக்காமல் பாக்கி வைத்தால் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். சாதாரணக் கடன்காரர்கள் சர்க்கார் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. 1871-ம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. ஜீவனாம்ச பாக்கிக்காக வரும் மனைவி சாதாரணக் கடன்காரி அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அலைச்சல் அலைச்சல்தானே?

சித்தப்பா கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கோடு போட்டுக் கீழே எழுதினார்.

"இரண்டையும் சேர்த்துக்கொள். அடிப்படைப் பென்ஷனில் உன் நாற்பது சதவீதத்துக்குப் பதிலாக அந்த 15,73,248 ரூபாய் மொத்தமாக. பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாலும் பஞ்சப்படியை முழுப் பென்ஷன் மேல்தான் கணக்கிடுகிறார்கள். அந்த 23,200-ல் நாற்பது சதவீதம் 9,280 ரூபாய். அது மாதா மாதம் உனக்கு. பஞ்சப்படி ஏறினால் உன் பங்கும் ஏறும். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவருக்கு 16,000 திரும்பி வரும்போது அதில் உனக்கு என்ன என்பதையும் இப்போதே எழுதிக்கொள்."

"அவருக்கு என்ன மிஞ்சும்?" என்று அவள் கேட்டாள்.

சித்தப்பா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "மாதம் 37,920. சரியாக நூற்றுக்கு அறுபது. அவர் வயிற்றில் அடித்ததாக யாரும் சொல்லமுடியாது."

அவள் பக்கத்தில் வரியும் தொந்தரவு செய்யவில்லை. மொத்தப் பணத்துக்கு வரி இல்லை. மாதப் பணம் வருஷத்துக்கு 1,11,360. பாங்கி வட்டி சுமார் 1,10,000. வேறு வரும்படி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தும் வரி எல்லைக்கு வெகு கீழே நிற்கும்.

கையெழுத்துக்கு முன்

பிறகு சித்தப்பா சொல்லச் சொல்ல, மனுவின் பின்பக்கத்திலேயே அவள் குறித்துக்கொண்டாள். சகோதரிகளுக்கும் உபயோகப்படும்.

ஒன்று: பென்ஷனை மட்டும் பேசிவிட்டு மற்றதை மறக்கக்கூடாது. கிராஜுவிட்டி, லீவுச் சம்பளம், பிராவிடண்டு பண்டு எல்லாம் ரிடயராகும் நாளில் கைக்கு வருபவை. தனியார் கம்பெனி உத்தியோகஸ்தர் வீட்டில் பென்ஷன் சொற்பமாகவே இருக்கலாம், பி.எஃப். கணக்கில்தான் பெரும் பணம் இருக்கும். பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பின் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர் எடுக்கும் பி.எஃப். பணத்துக்கு வரி இல்லை என்பதால், மொத்த ஜீவனாம்சத்துக்கு அது நல்ல ஊற்று. 2004-க்குப் பிறகு மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தேசியப் பென்ஷன் திட்டத்தில் அவரவர் பேரில் கணக்கே இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: மாத ஜீவனாம்சத்துக்கு ஈடு கேட்க வேண்டும். புருஷனுடைய வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தின் பேரில் அதைப் பாரமாக ஏற்ற 25-வது பிரிவே இடம் கொடுக்கிறது. அவர் பேரில் இருக்கும் ஃப்ளாட்டைச் சித்தப்பா குறித்துக்கொடுத்தார். பென்ஷன் நின்றாலும் வீடு நிற்கும் அல்லவா?

மூன்று: 'இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன்' என்ற வரி. எல்லாம் கணக்குப் பார்த்து, கைக்கு வந்து சேரும் வகை எழுதிய பிறகு அந்த வரியை எழுதலாம். முதலில் எழுதிவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்தால், மறுபடி கேட்பது மலையைப் பெயர்ப்பது மாதிரி.

நாலு: பிறந்த வீட்டுப் பென்ஷன். அவளுடைய தகப்பனாரும் மத்திய சர்க்கார் ஊழியர். அவர் காலமான பின் தாயார் குடும்பப் பென்ஷன் வாங்கிவருகிறாள். பெற்றோர்க்குப் பின் விவாகரத்தான பெண்ணுக்கும், சொந்த வருமானம் குறித்த எல்லைக்குள் இருந்தால், அது கிடைக்க வழியுண்டு. ஆனால் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து மனு தாக்கலாகியிருக்க வேண்டும். தீர்ப்பு பின்னால் வந்தாலும் பாதகமில்லை என்று 2017-ல் உத்தரவு வந்திருக்கிறது. தாயாருக்கு வயது எண்பது. தேதியின் அருமை இங்கேதான் தெரிகிறது.

ஐந்து: உத்தியோகம் பார்க்கும் சகோதரிகள் தங்கள் சொந்தக் காகிதங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், பாங்கிக் கணக்கு இவற்றில் வாரிசாக யார் பேர் எழுதியிருக்கிறது? விவாகரத்து வழக்கு நடக்கும்போது, மத்திய சர்க்காரில் வேலை பார்க்கும் பெண் தன் குடும்பப் பென்ஷன் கணவனுக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் போகும்படி எழுதிக்கொடுக்கலாம் என்று 2024 ஜனவரியில் வழி செய்திருக்கிறார்கள்.

ஆறு: வக்கீல் வைக்கப் பணமில்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. ஜில்லா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். மாநில சர்க்கார் பென்ஷன் விதிகள் சிலவற்றில் மத்திய விதிகளிலிருந்து வேறுபடும். அதையும் அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. கணக்கெழுதிய காகிதத்தோடு வக்கீலிடம் போனாள். எதிர்த்தரப்பு முதலில் கோபித்துக்கொண்டது. பிறகு பஞ்சப்படிப் பங்கைப் பற்றி ஒரு வாரம் பேசியது. கடைசியில் 9,280 என்பதை 8,500 ஆக்கிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஐந்து சதவீதம் உயர்த்துவதாக ஒப்புக்கொண்டது. மொத்தத் தொகையும் வீட்டின் பேரில் பாரமும் அப்படியே நின்றன.

சித்தப்பா வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது அவள் சொன்னாள்: "பணம் பெரிசில்லை, சித்தப்பா. இருபத்தெட்டு வருஷம் நான் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்."

அவருடைய பென்ஷன் காகிதங்களில் ஜோடிப் போட்டோ இராது. அந்த இருபத்தெட்டு வருஷம் மட்டும் கோர்ட் உத்தரவில் இருக்கும்.